மோளேகு வசனங்களைக் குழப்பமில்லாமல் வாசிப்பது எப்படி?

மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்த விஷயம் பைபிளில் ஒரே இடத்தில் இல்லை, சிதறிக் கிடக்கிறது. அதனால் முதலில் லேவியராகமம் 18:21-ல் உள்ள தடையை வாசித்துவிட்டு, நேராக 2 இராஜாக்கள் 16, 21, 23 அதிகாரங்களுக்குப் போங்கள். ஆகாஸ், மனாசே என்று யூதாவின் ராஜாக்களே சொந்த மகனைத் தீக்கடக்கப்பண்ணியிருக்கிறார்கள். இதெல்லாம் புறஜாதியார் செய்தது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கே நின்று இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

‘தீக்கடக்கப்பண்ணுதல்’ என்ற சொல்லில் கவனம் தேவை. நமக்கு உடனே தீமிதிதான் ஞாபகம் வரும், நடந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்று தோன்றும். எபிரேயத்திலும் ‘கடக்கச் செய்தல்’தான், அதை வைத்து இது உயிர்ப்பலியே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் எரேமியா 7:31-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே அக்கினியில் தகனிக்க என்றே இருக்கிறது. அதே வசனத்தில் கர்த்தர், இதை நான் கட்டளையிடவில்லை, என் மனதில் தோன்றவுமில்லை என்கிறார். ஏன் இவ்வளவு அழுத்தி மறுக்க வேண்டும்? செய்தவர்களில் சிலராவது கர்த்தருக்கே கொடுக்கிறோம் என்று நம்பியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, மீகா 6:7-ல் ஒருவன் தலைப்பிள்ளையைக் கொடுக்கட்டுமா என்று கேட்பதையும் சேர்த்து வாசித்தால் மனசு கனத்துப்போகும்.

அப்புறம் இடம். எருசலேமின் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு, அதில் தோப்பேத், பிள்ளைகளை எரித்த இடம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் யூதாவின் ராஜா யோசியா, இனி யாரும் அங்கே பலி கொடுக்காதபடி அதைத் தீட்டாக்கினான். எபிரேயத்தில் ‘கே இன்னோம்’ (இன்னோம் பள்ளத்தாக்கு) என்ற அந்தப் பெயர்தான் கிரேக்கத்தில் கெஹென்னா ஆனது, நம் தமிழ் பைபிளில் அது ‘நரகம்’ என்று மாறியதால் பள்ளத்தாக்கு கண்ணில் படாமலே போய்விடுகிறது. மத்தேயு 5:22-ல் ‘எரிநரகம்’ வரும் இடத்தில் ஓரமாக ‘இன்னோம்’ என்று எழுதி வையுங்கள்.

அகழாய்வுக்குப் போனால் வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்த்தேஜ் வரும். 1921-ல் அங்கே கிடைத்த இடத்தில் ஆயிரக்கணக்கான தாழிகள், உள்ளே எரிந்த சிசுக்களின் எலும்பு, சிலவற்றில் ஆட்டுக்குட்டிகளின் எலும்பு. பலியா, இயற்கையாக இறந்த குழந்தைகளா என்ற விவாதம் ஓயவில்லை. அந்த இடத்தையும் தோப்பேத் என்கிறார்கள், ஆனால் அது பைபிளிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்து வைத்த பெயர். எருசலேமில் அப்படி ஒரு தாழிக்காடு கிடைக்கவில்லை, இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, மோளேகு என்று காட்டப்படும், காளைத்தலை வெண்கலச் சிலை ஒன்று கை நீட்டியிருக்கும் படம். பைபிள் மோளேகின் உருவத்தை எங்கேயும் வர்ணிக்கவில்லை, அந்தக் காளைத்தலை பிற்காலத்து எழுத்துகளிலிருந்து வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் அந்தப் படத்தைக் காட்டாதீர்கள்.