கார்டிசால்மேல் பழி போடும் முன்: டென்ஷன், தொப்பை, தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டென்ஷன்லயே உடம்பு போட்டுடுச்சு" என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் செய்கிற காரியங்கள்தான் பல சமயம் எடையை இன்னும் ஏற்றிவிடுகின்றன.

முதல் தவறு, டென்ஷனில் கூடுதலாகச் சுரக்கும் கார்டிசாலை வெளியேற்ற வேண்டிய நஞ்சாக நினைப்பது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் இந்த ஹார்மோன் இல்லையென்றால் உயிர் தங்காது. காலையில் கண் விழித்து அரை, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும்; நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். நினைத்த நேரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுவது வீண். 'கார்டிசால் டிடாக்ஸ்' என்று விற்கும் பொடிகளுக்குக் கொடுக்கும் காசும் அப்படித்தான்.

கார்டிசால் தானாகக் கொழுப்பை உண்டாக்கிவிடாது. கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கும். அதைச் சமாளிக்க இன்சுலின் ஏறும். இனிப்பிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் ஆசையைக் கிளப்புவதும் கார்டிசால்தான். குடலைச் சுற்றிய கொழுப்பில் கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம் என்பதால், மிஞ்சியது அங்கே போய்ச் சேரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 54 வயதும் அதற்கு மேலும் ஆன 2,527 பேரின் தலைமுடியில் இருந்த கார்டிசாலை அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடுதல். ஆனால் எது முதலில் வந்தது என்பதை அந்த ஆய்வு சொல்லாது. கொழுப்பே கார்டிசாலைக் கூட்டியிருக்கவும் கூடும்; செயலற்ற கார்டிசோனைக் கார்டிசாலாக மாற்றும் நொதி கொழுப்புத் திசுவிலேயே இருக்கிறது.

பயந்துபோய்ப் பட்டினி கிடப்பது அடுத்தது. பெண்களுக்கு மூன்று வாரம் தினமும் 1,200 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் (2010) அவர்களின் கார்டிசால் கூடியிருந்தது. குறைக்கத்தான் வேண்டும், மெல்லக் குறையுங்கள்.

நள்ளிரவு வரை போனைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு அலாரம் வைத்து நடக்கப் போகிறவர்களும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றினால் ஒன்றும் கெட்டுவிடாது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று: டாக்டர் சீட்டு இல்லாமல் மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் வாங்கி விழுங்கும் மாத்திரைகள். பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எல்லாம் கார்டிசாலின் செயற்கை உறவினர்கள்தான். வலி சட்டென்று அடங்கும், பசி பிரமாதமாக எடுக்கும். சில மாதங்களில் முகம் உருண்டு, பிடரியில் திமில் வைத்து, வயிறு தள்ளி, கைகால் மட்டும் சூம்பிப் போகும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1912-இல் விவரித்த நோயின் அதே தோற்றம். வீட்டிலோ "மருந்து ஒத்துக்கிச்சு, சதை போட்டிருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். பெயர் தெரியாத வலி நிவாரணப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு.

விஷயம் தெரிந்ததும் மாத்திரையை அன்றே தூக்கிப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரையும் இந்தப் பயத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

தராசை மட்டும் நம்புவதும் சரியல்ல. நம்மவர்களில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும், எடை சரியாக இருந்தாலும். தொப்பையோடு வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப் போவது, கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமை ஆகியவையும் சேர்ந்தால், அதை டென்ஷன் கணக்கில் எழுதாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், சந்தேகமான பொடி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.