வீட்டு மனு, பென்ஷன் மனு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதார் நகல் வைக்க மறப்பது, போன் நம்பர் எழுதாமல் விடுவது, கையெழுத்துப் போடாமல் நீட்டுவது, இதையெல்லாம் கவுன்டரில் இருப்பவரே சொல்லிவிடுவார். அதற்கு நான் தேவையில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வருஷமாக வீட்டுத் திட்டம், முதியோர் உதவித்தொகை என்று அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இப்போது புதிதாக இதில் இறங்கியிருக்கும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய அதே கூத்தை அச்சு மாறாமல் பண்ணுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எல்லாக் குறையையும் ஒரே மனுவில் கொட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் என்ன நடக்கும்? கவுன்டரில் இருப்பவர் உங்கள் நான்கு பக்கத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார், வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். முதல் பத்தியில் ஒரு பார்வை, கம்ப்யூட்டரில் ஒரு துறை, கையில் எண் போட்ட ஒரு ஒப்புகைச் சீட்டு. அவ்வளவுதான். மனு அந்த ஒரு துறைக்குப் போகும். இரண்டாம் பக்கத்தில் நீங்கள் உருகி உருகி எழுதியது வேறு துறை விவகாரம் என்றால், அதைத் தொட ஆள் கிடையாது.

ஒரு ஊர். பெரிய நகரத்தார் வீடு, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் சென்னையில், படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது) கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். பின்கட்டு அறை ஒன்றில் வயதான தம்பதி, வீட்டுக்குக் காவல். அவர்களுக்கு ஊரின் ஓரத்தில் பட்டா உள்ள சொந்த இடமும் அதில் ஒரு குடிசையும் இருந்தது, மழையில் சுவர் சரிந்த பிறகுதான் இங்கே வந்து ஒண்டிக்கொண்டார்கள். அந்த ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கை. குறை மூன்று: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வேண்டும், நின்றுபோன முதியோர் உதவித்தொகை திரும்ப வேண்டும், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்தவர் மறுபடி வர வேண்டும்.

ஒரு தம்பி மூன்றையும் ஒரே மனுவாக எழுதிக் கொடுத்தார். நல்ல தமிழ், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தபால் ஒழுங்காக வரட்டும் என்று மேலே அந்தப் பெரிய வீட்டின் கதவு எண்ணைப் போட்டுவிட்டார். முதல் பத்தி வீட்டைப் பற்றி, அதனால் மனு ஊரக வளர்ச்சித் துறைக்குப் போனது. பார்க்க வந்தவர் அந்த முகவரிக்கு வந்தார், தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்த்தார், நல்ல வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மற்ற இரண்டும் வேறு துறை என்று ஒரே வரி. மனு முடிந்தது.

உதவித்தொகை ஏன் நின்றது தெரியுமா? நேரில் விசாரிக்க வந்தவர் முன்வாசலில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். இவர்கள் இருப்பதோ அடுத்த தெருப் பக்கம். தாலுகா ஆபீஸில் கேட்டிருந்தால் சரிசெய்திருக்கலாம், ஆனால் மனு அங்கே போய்ச் சேரவே இல்லையே! மாசம் 1,200 ரூபாய் (2023-ல்தான் 1,000 ரூபாயிலிருந்து இப்படி உயர்ந்தது) அந்த வீட்டில் மருந்துச் செலவுக்கானது. விடுபட்ட மாதங்களுக்கு ஒரு காசு வரவில்லை.

பிறகு நான் மூன்றாகப் பிரித்து எழுதினேன். "ஒண்ணாக் குடுத்தா ஆபீசருக்கும் சுளுவுதானேய்யா, எதுக்கு மூணு?" என்று அந்த அம்மா கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டு மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு: குடிசை இருக்கும் இடத்தின் முகவரி, பட்டா நகல், சரிந்த சுவரின் போட்டோ, இப்போது தங்கியிருப்பது வேலை பார்க்கும் இடம் என்று ஒரு வரி. உதவித்தொகை மனு தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு: பின்வாசல் எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கோயில் என்பது வரைக்கும். மூன்றாவது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு. உதவித்தொகை மறுபடி வர ஆரம்பித்துவிட்டது, பிசியோதெரபியும் நடக்கிறது. வீடு இன்னும் பட்டியலில் இல்லை.

எந்த ஆபீஸ் எல்லை என்று பார்க்காமல் கிளம்புவது

செட்டிநாடு நமக்கு ஒன்று, சர்க்காருக்கு இரண்டு மாவட்டம். ராயவரம், கோனாபட்டு, ராமச்சந்திரபுரம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். சாமான் வாங்குவது காரைக்குடியில் என்பதற்காக சிவகங்கைக்கு பஸ் ஏறாதீர்கள். அப்புறம், உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா, மாநகராட்சியா? கனவு இல்லம் (360 சதுர அடி, மூன்றரை லட்சம்) ஊராட்சிப் பகுதிகளுக்கான திட்டம். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம், கோட்டையூர் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. சங்கராபுரத்துக்காரர் இன்னும் பழைய நினைப்பில் யூனியன் ஆபீஸ் வாசலில் நின்றால் யார் என்ன செய்ய முடியும்? நகரப் பகுதியில் வீட்டுத் திட்டத்தை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வழியாகக் கேட்க வேண்டும்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

கையில் ஒப்புகைச் சீட்டு இல்லையென்றால் நீங்கள் போகவே இல்லை.

முதலமைச்சர் முதல் ஜனாதிபதி வரை நகல்

எல்லாம் சுற்றிவிட்டு அதே மேஜைக்குத்தான் வரும்.

பிள்ளைகள் மேல் உள்ள புகாரைக் கலெக்டரிடம் கொண்டுபோவது

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சிகளும் ஆச்சிகளும், மகன் பணம் அனுப்புவதில்லை, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதில்லை என்று திங்கட்கிழமை மனுவில் எழுதுகிறார்கள். இதற்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), காரைக்குடிக்காரர்களுக்கு தேவகோட்டை. கலெக்டரிடம் மேல்முறையீடுதான் போகும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். இனிமேல் சொத்தை எழுதிக்கொடுக்கப் போகிறவர்களிடம், கடைசி வரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கைவிட்டால் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த ஒரு வரிதான் பிடி. எங்கே போவது என்றே புரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுக் கேட்கலாம்.

ஆர்.டி.ஐ.யில் 'ஏன்' என்று கேட்பது

"ஏன் எனக்கு வீடு ஒதுக்கவில்லை?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ.) மனுவில் எழுதினால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று பதில் வரும், அது சட்டப்படி சரியும்கூட. ஆபீஸில் இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள்: என் மனு எண் இன்னது, அதன் மீது நடந்த கள ஆய்வு அறிக்கையின் நகல், ஆய்வு செய்த தேதி, என் ஊராட்சியின் பயனாளிகள் பட்டியல் நகல். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். துறை மாற்றிப் போட்டிருந்தாலும் 5 நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.