மனநோயாளிக்கு யூடிஐடி அட்டையும் மாத உதவித்தொகையும் பெறுவது எப்படி?

மனநோயும் சட்டப்படி ஒரு மாற்றுத்திறன் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 7 வகைகளிலிருந்து 21 வகைகளாக விரித்தபோதும் அது தொடர்கிறது. இருந்தும், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடிக்காகச் சான்றிதழ் கேட்டுப் போனால், "கை, கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்ற கேள்வியைக் காத்திருக்கும் வரிசையிலேயே கேட்டுவிடுகிறார்கள். என் தம்பிக்காகத் தமிழ்நாட்டில் இந்த வழியை முழுவதும் கடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் மேலே செல்கிறேன்.

1. எதற்கு மதிப்பெண் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நோயின் பெயருக்குச் சதவீதம் கிடையாது. "எங்கள் பையனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, எத்தனை சதவீதம் வரும்?" என்று கேட்டால் எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்துவது ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல். அதில் நான்கு பகுதிகள் உள்ளன: தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, பிறருடன் பழகுவது, சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் பாதிப்பைப் பொறுத்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். வேலை என்ற பகுதி சம்பள வேலையை மட்டும் குறிப்பதில்லை. வீட்டை நடத்தும் பெண்ணுக்கு வீட்டு வேலையும், மாணவருக்குப் படிப்பும் அதில் அடங்கும். ஆகவே, வேலைக்கே போகாத அம்மாவுக்கு எப்படி மதிப்பிடுவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போகிறாரா, சமையலையே நிறுத்திவிட்டாரா என்பதே அங்கே கேள்வி.

2. பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேற்சொன்ன நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகை அதிகபட்சம் 16. அதனுடன் நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்காக 1 முதல் 4 வரை மதிப்பெண் சேரும்: இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 1, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 2, ஆறு முதல் பத்து ஆண்டு வரை 3, பத்து ஆண்டுக்கு மேல் 4. மொத்தம் 20. சலுகைகளுக்கான எல்லைக்கோடு 40 சதவீதம் என்பதால், எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு இந்த ஒன்றிரண்டு மதிப்பெண்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடலாம். நோய் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. அதைக் காட்டும் காகிதம் வேண்டும்.

எனவே முதன்முதலில் பார்த்த மருத்துவரின் சீட்டு, அரசு மருத்துவமனை ஓ.பி. நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி என்று தேதி உள்ள எதையும் விடாதீர்கள். தனியார் மருத்துவர் தரும் சான்றிதழ் இந்த அட்டைக்குச் செல்லாது. அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிதான் தர முடியும். ஆனால் தனியார் மருத்துவரின் பழைய சீட்டுகள் ஆதாரமாக உதவும். சீட்டு தொலைந்திருந்தால், அதே மருத்துவரிடம் சென்று, எந்த ஆண்டிலிருந்து என்ன நோய்க்காகச் சிகிச்சை தருகிறார் என்று லெட்டர்பேடில் ஒரு பத்தி எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். பிளாஸ்டிக் உறைகள் தைத்த ஃபைல்தான் நல்லது, ஏனெனில் பஞ்ச் செய்து கோத்த ஃபைலில் மருத்துவர் பக்கம் புரட்டுவதற்குள் பாதிச் சீட்டுகள் கிழிந்துவிடும்.

3. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்

மதிப்பீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, நாள்தோறும் இரண்டு வரி எழுதுங்கள். கைபேசிக் குறிப்புகளை விடச் சாதாரணக் கோடு போட்ட நோட்டையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவரிடம் நீட்டலாம், அவரும் நான்கு பக்கம் புரட்டிப் பார்ப்பார். "சரியாக இல்லை", "தொந்தரவு செய்கிறான்" போன்ற பொதுவான வரிகளால் பயனில்லை. "மூன்றாம் நாளாகக் குளிக்கவில்லை. பால் வாங்க அனுப்பினேன், தெருமுனை வரை போய்ப் பணத்துடன் திரும்பிவிட்டான். மாத்திரையை அம்மா கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்றார்" என்பது போல, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நன்றாக இருந்த நாட்களையும் எழுதுங்கள். அவை இல்லாத நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

4. விண்ணப்பம்

ஸ்வாவலம்பன் கார்டு என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைபேசியிலும் முடியும் என்றாலும், ஆவணங்களை ஏற்றும்போது படும் பாட்டைப் பார்த்தால் கணினியோ இ-சேவை மையமோ மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான படங்களை ஏற்றாதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். மாற்றுத்திறன் வகையைத் தேர்வு செய்யும் இடத்தில் மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்: மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. அவசரத்தில் இரண்டாவதைச் சொடுக்கிவிட்டால், நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பப்பட்டு மாதக்கணக்கில் அலைய நேரும்.

5. மதிப்பீட்டு நாள்

மாவட்ட அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மனநல மருத்துவர் பார்ப்பார். எங்கள் அம்மா தம்பியைச் சலூனுக்கு அனுப்பி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி அழைத்து வந்திருந்தார். மருத்துவர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க தம்பி?" "நல்லா இருக்கேன் சார்." "வேலைக்குப் போறீங்களா?" "தேடிட்டிருக்கேன் சார்." அவன் பொய் சொல்லவில்லை, தனக்கு நோயே இல்லை என்று நம்புவதும் அந்த நோயின் ஒரு பகுதி. அதன் பிறகு நோட்டை நீட்டியதும், மருத்துவர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். நோயாளியுடன் வாழ்பவர் சொல்வதையும் கணக்கில் எடுப்பதே முறை. ஆகவே, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரே உடன் வர வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் விவரமான அண்ணன் மட்டும் வந்தால் போதாது. எப்போதும் எப்படி இருப்பாரோ அப்படியே அழைத்துச் செல்லுங்கள். நடிக்கச் சொல்லித் தராதீர்கள், அனுபவமுள்ள மருத்துவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

6. சான்றிதழ் வந்த பிறகு

2024இல் திருத்திய விதிகளின்படி முடிவுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அட்டை 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனநோய்க்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சான்றிதழ் தருவதால், காலாவதித் தேதியை ஃபைலின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

7. மாத உதவித்தொகை

அட்டை வந்தால் பணம் தானாக வராது. வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்த பின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். 2023 ஜனவரியிலிருந்து தொகை மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை வேறு திட்டம், அதன் தகுதியும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான மேசையில் நிற்காதீர்கள். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குப் புகார் செய்யலாம்.

தொகை சிறியதாக இருக்கிறதே என்று அட்டையை வேண்டாம் என்று விடுபவர்கள் உண்டு. அது சரியல்ல. அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களும் அடங்குவர். பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒதுக்கீட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. பழைய முறையில் வருமான வரி கட்டும் குடும்பத்துக்கு 75,000 ரூபாய் வரிக்கழிவும், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் வரிக்கழிவும் உண்டு. அப்பா அரசு ஊழியராக இருந்தால், சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் என்பது இவற்றையெல்லாம் விடப் பெரிது. அதைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது, நோயாளியின் சார்பில் சட்டப்படி முடிவெடுக்கும் காப்பாளருக்கான சான்றிதழ் பற்றி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தரும் காப்பாளர் நியமனம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. மனநோய் மட்டும் உள்ளவருக்கு அங்கே விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் உள்ள வரையறுக்கப்பட்ட காப்பாளர் (குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை நிற்பவர்) வழியையே நாட வேண்டும். சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியே ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம், அதற்கு அவர் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் போதும்.