அமெரிக்க வங்கிக் கணக்கு இல்லாமல் கிரீன் கார்டு கட்டணங்களைக் கட்டுவது எப்படி?

அண்ணனோ மகளோ உங்களுக்காகப் போட்ட மனு அமெரிக்காவில் ஒப்புதலாகிவிட்டது. கேஸ், குடியேற்ற விசா வேலைகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்குப் போய், கட்டண இன்வாய்ஸும் வந்துவிட்டது. சரி, கட்டிவிடலாம் என்று தளத்தைத் திறந்தால் கார்டு நம்பர் போட இடமே இருக்காது. அமெரிக்க வங்கி ஒன்றின் ரூட்டிங் நம்பரையும் (எந்த வங்கி என்று காட்டும் எண்) அக்கவுண்ட் நம்பரையும்தான் கேட்கும். இங்கேதான் பலர் திகைத்துப்போய் ஏஜென்ட்டைத் தேடி ஓடுகிறார்கள். ஓட வேண்டியதில்லை.

கணக்கு அமெரிக்காவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மனுப் போட்டவரே கேஸ் நம்பரையும் இன்வாய்ஸ் ஐடியையும் கொண்டு உள்ளே நுழைந்து, தன் செக்கிங் அல்லது சேவிங்ஸ் கணக்கிலிருந்து கட்டிவிடலாம். பெரும்பாலான குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது. அவருக்கு வசதிப்படாவிட்டால் அங்கேயுள்ள வேறு நெருங்கிய உறவினர் கட்டலாம். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் இந்த இரண்டு எண்களையும் கொடுக்காதீர்கள். விசா விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதும் இதே எண்களால்தான். பாஸ்போர்ட் விவரம், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் அதற்குள் இருக்கும்.

கட்ட வேண்டியவை இரண்டு. ஸ்பான்சரின் வருமான உறுதிமொழிக்கு 120 டாலர், குடும்ப வழி விசா விண்ணப்பத்துக்கு ஆளுக்கு 325 டாலர். முதலாவது ஒரு கேஸுக்கு ஒரு முறைதான். அண்ணன் மனுப் போட்டு, தம்பி மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போகிறார் என்றால் எல்லாரும் ஒரே கேஸ்: 120, அதோடு நான்கு 325, ஆக 1,420 டாலர். பெற்றோருக்கு மகள் மனுப் போட்டால் கணக்கு வேறு. அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு என்பதால் 120-உம் இரண்டு தடவை வரும், மொத்தம் 890. இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறுபவை. கட்டுகிற அன்று திரையில் காட்டுவதே கணக்கு.

இரண்டையும் ஒரே நேரத்தில் கட்ட தளம் விடாது, தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். ரூட்டிங் நம்பர் ஒன்பது இலக்கம். செக்கின் அடியில் இடப்பக்கம் அச்சிட்டிருக்கும். டெபிட் கார்டின் மேல் இருக்கும் எண்ணை அக்கவுண்ட் நம்பர் என்று நினைத்துப் போட்டால் பணம் திரும்பிவிடும், நாட்களும் வீணாகும். கட்டியதும் நிலை உடனே மாறவில்லையே என்று மறுபடி கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் வரை ஆகலாம். கட்டணம் வந்துசேர்ந்ததாகக் காட்டிய பிறகுதான் விசா விண்ணப்பப் படிவமான டி.எஸ்-260 திறக்கும். ரசீதைக் கட்டியவரும் நீங்களும் ஆளுக்கொரு பிரதியாகச் சேமித்துவையுங்கள். கட்டிய பணம் திரும்பி வராது, விசா கிடைக்காவிட்டாலும்.

உறவினருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்புவது உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். நான் சொல்வது, முதலிலேயே தொகையைப் பேசி அனுப்பிவிடுவது நல்லது. அங்கே இருப்பவருக்கு டாலர் மரத்தில் காய்க்கவில்லை.

விசா கையில் கிடைத்த பிறகு இன்னொரு கட்டணம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அது குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். வாங்கும் 235 டாலர், ஆளுக்கு. இதற்கு வங்கிக் கணக்குதான் வேண்டும் என்றில்லை. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு போதும். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருந்தால் முதலில் வங்கியிடம் சொல்லித் திறந்துவையுங்கள். அப்படியும் ஏற்கவில்லையா, இதையும் வேறொருவர் உங்களுக்காகக் கட்டலாம். அவருக்கு வேண்டியது உங்கள் ஏ-நம்பரும் (குடிவரவுத் துறை உங்களுக்குத் தரும் அடையாள எண்) கேஸ் ஐடியும் (கேஸ் நம்பர்தான்). ஏ-நம்பர் விசா ஸ்டிக்கரிலேயே இருக்கும். தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் போய்க் கட்டிவிடாதீர்கள். முகவரி 'டாட் ஜிஓவி' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்பே இதைக் கட்டிவிடச் சொல்கிறார்கள். கட்டாமல் போய் இறங்கியிருந்தாலும் பதற வேண்டாம், அங்கே போயும் கட்டலாம். ஆனால் கட்டும்வரை கிரீன் கார்டு அச்சாகி வராது. அதுவரை நுழைவு முத்திரை விழுந்த விசாவே ஓராண்டுக்கு நிரந்தர வசிப்புரிமைச் சான்றாகச் செல்லும். வேலைக்கும் அதைக் காட்டலாம். கார்டு, நீங்கள் கொடுத்த அமெரிக்க முகவரிக்குத் தபாலில் வரும். இதற்கிடையில் வீடு மாறினால் 10 நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் புது முகவரியைப் பதியுங்கள். அப்படியே, பழைய வீட்டின் தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.