சிசிஎன்ஏ படிக்க மலிவு சுவிட்ச்: மலேசியாவின் சுங்கை சிப்புட் அண்ணன் சொல்வது

தம்பி, சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ். அதற்கு முதலில் பேக்கட் டிரேசரை, அதாவது கணினிக்குள்ளேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் சிஸ்கோ மென்பொருளை, இறக்கிப் பழகு, அது இலவசம். கேபிளைக் கையால் செருகிப் பார்க்கும் ஆசை வந்த பிறகு சுவிட்ச் தேடலாம், அதுதான் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி.

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போதும். மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்: 24டிசி-எல் (24TC-L) என்றால் லேன் பேஸ், 24டிசி-எஸ் (24TC-S) என்றால் லேன் லைட்; இரண்டும் உள்ளிருக்கும் மென்பொருளின் வகைகள். எஸ் வகையில் வசதிகள் குறைவு. பத்து வெள்ளி (ரிங்கிட்) மலிவு என்று விற்பவர் ஆசை காட்டுவார், விட்டுவிடு. ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்தால் அவைதான் விலேன்கள். இரண்டு எல் வாங்கினால் பல விலேன்களை ஒரே கேபிளில் அனுப்பும் டிரங்க், பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் ஈதர்சேனல் எல்லாம் செய்யலாம். இரண்டு சுவிட்சுக்கும் இடையே இரண்டு கேபிள் போட்டால், தரவு வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஒரு போர்ட்டை அடைப்பதையும் கண்ணால் பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு 3560 சுவிட்ச் அகப்பட்டால் விலேன்களுக்கு இடையே தரவைக் கடத்தும் ரூட்டிங்கும் ஆச்சு.

நம் பக்கத்து லயத்து வீடுகளில் சுவர் மெல்லிசு. 24 போர்ட் பெட்டியின் விசிறி இரவில் பக்கத்து வீட்டு அக்காவையும் எழுப்பிவிடும். 2960-8டிசி-எல்லில் விசிறியே கிடையாது. என் ஓட்டு அதற்குத்தான்.

சுவிட்ச் பூட் ஆகும் வீடியோவை அனுப்பும்படி விற்பவரிடம் சொல். பழைய பாஸ்வேர்ட் இருந்தால் பயப்படாதே. சுவிட்சின் மோட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, அமைப்புகளைச் சேமித்திருக்கும் கான்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றினால் திறந்துவிடும். கணினியிலிருந்து சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்க யூஎஸ்பி கன்சோல் கேபிள் தனியாக வாங்க வேண்டும். சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடு.