சிங்கப்பூர்–நியூயார்க்: தூரமும் நேரமும் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். தட்டைப் படம் துருவப் பக்கம் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் உண்மை தெரியும். தீர்க்கரேகைப்படி சாங்கி கிழக்கே 104 பாகை, ஜேஎஃப்கே மேற்கே 74 பாகை. ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் நூல் வட துருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து ஜேஎஃப்கேக்கு 49.4, ஆக 138. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280 கடல் மைல், கிலோமீட்டரில் சுமார் 15,340.

விமானத் துறையில் மைல் என்றால் பெரும்பாலும் கடல் மைல்தான், 1.852 கி.மீ. அதைத் தரை மைல் என்று எண்ணி 1.609-ஆல் பெருக்கினால் 2,000 கி.மீ. காணாமல் போய்விடும்.

அடுத்த தவறு, 15,340-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து ‘17 மணி நேரம்’ என்று முடிவு கட்டுவது. அட்டவணையில் பதினெட்டரை மணிக்கு மேல் இருக்கும். 900 என்பது சுற்றியுள்ள காற்றில் விமானம் போகும் வேகம். தரை மேல் எவ்வளவு வேகம் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. நியூயார்க் போகும் விமானம் துருவத்தை விட்டு வட பசிபிக் வழியாகப் போவதும் இதற்காகத்தான். மேற்கிலிருந்து வீசும் உயர்மட்டக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், வழி நீண்டாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். போதாததற்கு, அட்டவணை நேரம் ஒரு கேட்டிலிருந்து மறு கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

அதிகம் பேர் ஏமாறுவது கடிகாரத்தில். ஜனவரி 10 பகல் 12.30-க்குப் புறப்பட்டு அன்றே மாலை 6.10-க்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மணி 40 நிமிடப் பயணமா? நியூயார்க்கில் மாலை 6.10 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 7.10. பயணம் 18 மணி 40 நிமிடம். இந்த 13 மணி வித்தியாசமும் நிலையானதல்ல. சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் அப்போது 12 மணிதான்.

திரும்பும்போது உஷார். ஜனவரி 20 இரவு 10.30-க்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது 22 அதிகாலை. டிக்கெட்டில் வரும் சின்ன ‘+2’ அதைத்தான் சொல்கிறது. சென்னைக்கு இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டாக 21-ஆம் தேதிக்கு எடுத்தவர்களுக்கு அந்தப் பணம் போனதுதான்.

தேடும்போது ‘நியூயார்க்’ என்று மட்டும் போட்டால் நெவார்க் விமான நிலையமும் வந்து நிற்கும். வான்வழித் தூரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நெவார்க் இருப்பது நியூ ஜெர்சியில். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜேஎஃப்கே வாசலில் ஆள் காத்திருந்தால், நடுவே நகர நெரிசலைத் தாண்டித்தான் வரவேண்டும்.