யொரூபாப் பெயர்களைப் பதம் பிரித்துப் பொருள் அறிவது எப்படி?

நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டின் கிழக்கிலும் வாழும் யொரூபா மக்களிடையே, ஒருவருடைய பெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக இருப்பதில்லை. எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழு வாக்கியமாகவே இருக்கும். ஆகவே ஒரு பெயரின் பொருளை அறிய அகராதியைத் தேடுவதைவிட, அதைப் பதம் பிரிக்கக் கற்றுக்கொள்வதே நல்ல வழி. யொரூபா மொழியை அறியாதவர்களும், சுமார் இருபது சொற்களையும் மூன்று விதிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், கால்பந்து அணிகளின் பட்டியலிலும் செய்திகளிலும் காணும் பல பெயர்களைத் தாமே பிரித்துப் படிக்க முடியும்.

தொடங்குமுன் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள் வழங்குகின்றன. ஒகேனே நகரைச் சுற்றி வாழும் எபிரா மக்கள் யொரூபா மக்களுக்கு அண்டை அயலார்தான்; ஆயினும் அவர்களுடைய மொழி வேறு, பெயரிடும் சொற்களும் வேறு. கீழே சொல்லப்படும் விதிகளைக் கொண்டு எபிராப் பெயரையோ, இக்போப் பெயரையோ, ஹவுசாப் பெயரையோ பிரிக்க முயன்றால் தவறான பொருளே கிடைக்கும்.

முதல் படி: ஒலியைச் சரியாகப் பிடித்தல்

யொரூபா மொழியில் உயர்வு, சமம், தாழ்வு என மூன்று சுரங்கள் உண்டு. சுரம் மாறினால் சொல்லே மாறிவிடும். 'ஒக்கோ' என்று நாம் எழுதும் ஒரே வடிவம், சுரத்தைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என நான்கு பொருள் தரும். தமிழ் எழுத்தில் இந்தச் சுரங்களைக் காட்ட வழியில்லை என்பதால், பொருளை உறுதி செய்துகொள்ள யொரூபா எழுத்தில், சுரக்குறிகளோடு எழுதப்பட்ட வடிவத்தையும் பார்ப்பது நல்லது. இந்த விளக்கத்தில், உயிர்களுக்கு இடையே வல்லின எழுத்து ஒற்றையாக வந்தால் மென்மையாகவும், இரட்டித்து வந்தால் அழுத்தமாகவும் படிக்க வேண்டும். மணிமுடியைக் குறிக்கும் யொரூபாச் சொல்லை 'அடே' என்று எழுதினால் நம் காதில் யாரையோ அதட்டுவதுபோல் ஒலிக்கும். என்ன செய்வது, 'அதே' என்று எழுதினால் அது இன்னும் மோசம்.

இரண்டாம் படி: இது கொண்டுவந்த பெயரா, கொடுத்த பெயரா?

யொரூபா மரபு பெயர்களை இரண்டு பெரும் வகைகளாகப் பார்க்கிறது. குழந்தை பிறந்த விதமே தீர்மானிக்கும் பெயர்களுக்கு 'அமுட்டொருன்வா' என்று பெயர். வானுலகிலிருந்து கையோடு கொண்டுவந்தது என்பது அதன் பொருள். கால் முதலில் வெளிவந்த குழந்தை இகே. முகம் குப்புறப் பிறந்தது அஜாயி. கொப்பூழ்க்கொடி கழுத்தைச் சுற்றியபடி பிறந்த ஆண் குழந்தை ஓஜோ, பெண் குழந்தை ஐனா. சடைபிடித்த முடியோடு பிறந்தது டாடா. இவற்றில் பெற்றோருக்குத் தேர்வு இல்லை. அடிமையாகப் பிடிக்கப்பட்டு, 1822இல் கடலில் விடுவிக்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிகத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜாயி க்ரௌதரின் நடுப்பெயரைப் பார்த்தாலே, அவர் பிறந்த கணத்தில் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது.

இரட்டையரின் பெயர்களும் இந்த வகையே. முதலில் வெளிவரும் குழந்தை டைவோ. 'உலகைச் சுவைத்துப் பார்' என்னும் தொடரின் சுருக்கம் அது. அடுத்து வருவது கெஹிண்டே, அதாவது 'பின்னால் வந்தவர்'. ஆனால் மூத்தவராகக் கருதப்படுபவர் கெஹிண்டேதான். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவரத் தம்பியையோ தங்கையையோ முன்னே அனுப்பிவிட்டு, மூத்தவர் நிதானமாக வருகிறார் என்பது யொரூபா விளக்கம். இரட்டையருக்குப் பின் பிறக்கும் குழந்தை இடோவு, அதற்கும் பின் பிறப்பது அலாபா.

நீங்கள் எடுத்துக்கொண்ட பெயர் இந்தச் சிறிய பட்டியலில் இருந்தால் வேலை அத்துடன் முடிந்தது. இல்லையென்றால் அது பெரும்பாலும் 'அபிசோ', அதாவது பிறந்த பின் கொடுத்த பெயர். பதம் பிரிக்க வேண்டியவை இவையே.

மூன்றாம் படி: தலைச்சொல்லைக் கண்டுபிடித்தல்

'வீட்டைப் பார்த்த பிறகே பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம்' என்னும் கருத்துடைய யொரூபாப் பழமொழி ஒன்று உண்டு. பெயரின் முதற்சொல்லில் அந்த வீடு தெரியும். அடே என்றால் மணிமுடி. அரச குடியினரின் பெயர்கள் இதில் தொடங்கும். அக்கின் என்பது வீரம். ஒலா என்பது மதிப்பும் செல்வமும் கலந்த பெருமை. ஒகுன் இரும்புக்கான தெய்வம். கொல்லர், வேடர், போர்வீரர் குடும்பங்களில் இச்சொல் வரும். ஃபா என்பது இஃபா என்னும் குறிசொல்லும் நெறியைக் குறிக்கும். அயான் பறை முழக்கும் குடியினருக்கும், ஒடெ வேடர் குடியினருக்கும் உரியவை. ஒஷுன் என்று தொடங்கினால், ஒசொக்போ நகரில் ஓடும் ஆற்றின் பெண் தெய்வத்தை வழிபடும் குடும்பம் என்று கொள்ளலாம். அந்த ஆற்றங்கரைப் புனிதச் சோலை 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது.

ஒலு என்னும் சொல் தலைவன் என்று பொருள்படும். கிறித்தவமும் இஸ்லாமும் பரவிய பின் அது 'ஒலுவா', அதாவது இறைவன் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படுகிறது. பழைய குடும்பங்கள் பலவற்றில் ஒகுனும் ஃபாவும் நின்ற இடத்தில் ஒலுவாவோ ஜேசுவோ வந்து நிற்க, மீதி வாக்கியம் மாறாமல் இருப்பதைக் காணலாம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், அந்த வீட்டின் சமய வரலாறு ஓரளவு புலப்படும்.

நான்காம் படி: வினையைப் பிடித்தல்

தலைச்சொல்லை நீக்கினால் எஞ்சுவதில் ஒரு வினை இருக்கும். அடிக்கடி வருபவை சிலவே: டே (வந்து சேர்), ஃபெ (விரும்பு), யெ (பொருந்து), பி (பெற்றெடு), ஃபுன் (கொடு), கு (இற), வொ (நுழை). 'வா' என்னும் யொரூபா வினைக்கும் வா என்றே பொருள். இது தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் மனப்பாடம் செய்யும் வேலை ஒன்று குறைகிறது. 'டுன்' என்றால் மறுபடியும். 'இலே' என்றால் வீடு, 'அயோ' என்றால் மகிழ்ச்சி, 'மி' என்றால் என்னை அல்லது எனக்கு.

இப்போதே ஒரு பெயரைப் பிரிக்கலாம். அடே + யெ + மி = அடேயெமி: 'மணிமுடி எனக்குப் பொருந்துகிறது'. பாபா + டுன் + டே = பாபாட்டுண்டே: 'தந்தை மீண்டும் வந்துவிட்டார்'. தாத்தா இறந்த பின் பிறந்த ஆண் குழந்தைக்கு இந்தப் பெயர் வைப்பார்கள். பாட்டி இறந்த பின் பிறந்த பெண்ணுக்கு யெட்டுண்டே: 'தாய் மீண்டும் வந்துவிட்டார்'. இவ்வாறு சில பெயர்கள் ஆணுக்கோ பெண்ணுக்கோ உரியவையாக இருந்தாலும், கொடுத்த பெயர்களில் பெரும்பான்மை இருபாலர்க்கும் பொதுவானவை.

ஐந்தாம் படி: புணர்ச்சி விதிகள்

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது எழுத்து கெடுவதும் திரிவதும் தமிழருக்குப் புதிதல்ல.

முதல் விதி, இரண்டு உயிர்கள் சந்தித்தால் பெரும்பாலும் ஒன்று கெடும். எக்குன் (கண்ணீர்) + டி (ஆகு) + அயோ (மகிழ்ச்சி) என்பதில், டி என்பதன் இகரம் கெட்டு 'எக்குண்டயோ' ஆகிறது: 'கண்ணீர் மகிழ்ச்சியாயிற்று'. துயரம் ஒன்றை அடுத்துப் பிறந்த குழந்தையின் பெயர் இது. ஒலு + வொ + இலே என்பது ஒலுவொலே ஆவதும் இப்படித்தான்: 'இறைவன் வீட்டினுள் நுழைந்தார்'. 1986இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்காவின் முதற்பெயர் இந்த வாக்கியத்தின் பின்பாதியே.

இரண்டாம் விதி, 'மி' என்னும் சொல் சில மெய்களுக்கு முன் தேய்ந்து, வெறும் மூக்கொலியாக ஒடுங்கிவிடும். 'பா மி ஜோக்கோ' (என்னோடு உட்கார்) என்பது பான்ஜோக்கோ ஆகிறது.

மூன்றாம் விதி, 'நி' என்னும் சொல்லுக்குப் பின் இகரம் அல்லாத உயிர் வந்தால் நகரம் லகரமாகத் திரியும். ஃபுன் + மி + நி + அயோ என்பது ஃபுன்மிலாயோ: 'எனக்கு மகிழ்ச்சியைக் கொடு'. முன்னால் ஒலு சேர்ந்தால் 'இறைவன் எனக்கு மகிழ்ச்சியைத் தந்தார்'. அபெயோகுட்டா நகரின் சந்தைப் பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடிய ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி, ஃப்ரான்சிஸ் என்ற ஆங்கிலப் பெயரைக் கைவிட்டு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

அவருடைய மகனான இசைக்கலைஞர் ஃபெலா, 1970களில் தம் குடும்பப் பெயரிலிருந்த 'ரான்சம்' என்பது அடிமைப் பெயர் என்று அதை நீக்கிவிட்டு, அதனிடத்தில் 'அனிக்குலாப்போ' என்று சேர்த்துக்கொண்டார். இதைப் பிரித்தால் அ (ஒருவர்) + நி (உடைய) + இக்கு (சாவு) + நி (இல்) + அப்போ (பை). முதல் 'நி'க்குப் பின் இகரம் வருவதால் அது மாறாமல் நின்றது. இரண்டாவதற்குப் பின் அகரம் வந்ததால் அது 'லா' ஆயிற்று. 'சாவைத் தன் பைக்குள் வைத்திருப்பவர்' என்பது பொருள். விதியும் விலக்கும் ஒரே பெயரில் அமைந்திருப்பதால், மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆறாம் படி: 'எனக்கு' என்று சொல்வது யார்?

ஒலுஃபெமி என்ற பெயரைப் பிரித்து 'இறைவன் என்னை விரும்புகிறார்' என்று எழுதியபின், அந்த 'என்னை' குழந்தையைக் குறிக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. நானும் நெடுநாள் அப்படியே நினைத்திருந்தேன். பெரும்பாலும் பேசுகிறவர் பெயர் வைத்தவரே. குழந்தை பிறந்த எட்டாம் நாள் நடக்கும் பெயரிடு விழாவில் தேன், உப்பு, தண்ணீர், கோலாக் கொட்டை, ஒரோக்போ என்னும் கசப்புக் கோலா ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாழ்த்துவார்கள். 'க்போ' என்றால் முதிர்தல் என்பதால், ஒரோக்போவைக் காட்டி நீண்ட ஆயுள் வேண்டுவார்கள். தந்தை, தாய், தாத்தா, பாட்டி, உறவினர் எனப் பலரும் ஆளுக்கொரு பெயர் வைப்பதால், ஒருவருக்கு ஐந்தாறு பெயர்கள் இருப்பது வியப்பன்று. ஆகவே ஒவ்வொரு பெயரிலும் உள்ள 'நான்' வெவ்வேறு ஆளாக இருக்கலாம்.

சில பெயர்கள் குழந்தையைப் பார்த்தே பேசுகின்றன. பிறந்து பிறந்து இறந்துபோகும் குழந்தையை 'அபிக்கு' என்பார்கள்; ஒரே குழந்தையே திரும்பத் திரும்ப வருகிறது என்பது நம்பிக்கை. அதைத் தடுத்து நிறுத்தவே மாலோமோ (இனிப் போகாதே), ரோட்டிமி (என்னோடு நில்), டுரோஜாயே (இருந்து வாழ்வைத் துய்த்திடு), டுரோசின்மி (இருந்து என்னை அடக்கம் செய்) போன்ற பெயர்கள். 1845 முதல் 1851 வரை லாகோசை ஆண்ட மன்னர் கோசொக்கோவின் பெயரும் இவ்வகையே: கோ + சி + ஒக்கோ, 'மண்வெட்டி இல்லை'. குழி தோண்டக் கருவி இல்லாததால் சாகாதே என்று குழந்தைக்குச் சொல்கிறார்கள். முதல் படியில் பார்த்த நான்கு ஒக்கோக்களில் எது என்று தெரியாமல் இங்கே 'கணவன் இல்லை' என்று படித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1993 ஜூன் 12ஆம் நாள் நடந்து பின்னர் செல்லாததாக்கப்பட்ட நைஜீரிய அதிபர் தேர்தலில் போட்டியிட்ட எம். கே. ஓ. அபியோலாவின் பெயரில் உள்ள 'கே', கஷிமாவோ என்பதன் முதலெழுத்து: 'இன்னும் பார்த்துக்கொண்டிருப்போம்'. தந்தைக்குப் பிறந்த 23ஆவது குழந்தையான அவர்தான் முதன்முதலில் பிழைத்தவர். 'எம்' குறிக்கும் மஷூத் என்ற பெயரை அவருக்குப் பதினைந்து வயதான பிறகே சூட்டினார்கள்.

ஏழாம் படி: சுருக்கப் பெயர்களை விரித்தல்

அன்றாடப் பேச்சில் முன்பாதியை வெட்டிவிடுவது வழக்கம் என்பதால் எழுவாயே காணாமல் போய்விடும். டெலே என்றால் 'வீட்டுக்கு வந்தது', வந்தது எது? அயோடெலே எனில் மகிழ்ச்சி, ஒலாடெலே எனில் பெருமை. பாமிடெலே எனில் பொருளே வேறு: 'என்னோடு வீட்டுக்கு வா'. வெளியூரில் இருக்கும்போது பிறந்த குழந்தைக்கு அது ஏற்ற பெயர். டுண்டே, ஃபெமி, வாலே ஆகியவையும் இப்படியே. முழுப்பெயரைக் கேட்டறியாமல் பொருள் எழுதக் கூடாது.

இவற்றுக்கு அப்பால், ஒவ்வொருவருக்கும் 'ஒரிக்கி' என்னும் செல்லப் புகழ்ப்பெயர் ஒன்று இருக்கலாம். பெண்களின் ஒரிக்கிகளில் 'கெ' (சீராட்டு) என்னும் வினை திரும்பத் திரும்ப வரும்: அபெக்கெ என்றால் சீராட்டுவதற்காகக் கெஞ்சிப் பெற்றவள், அஜோக்கெ என்றால் எல்லோரும் சேர்ந்து சீராட்டுபவள். ஆண்களின் ஒரிக்கியோ அஜானி, அதாவது போராடிப் பெற்றவன், என்பதுபோல் முறுக்காக இருக்கும்.

பயிற்சி

பின்வருவனவற்றை விடையைப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள்: ஒலாவாலே, ஒகுண்டெலே, அயோட்டுண்டே, ஓஜோ.

ஒலா + வா + இலே: பெருமை வீட்டுக்கு வந்தது. ஒகுன் + டே + இலே: ஒகுன் தெய்வம் வீடு வந்து சேர்ந்தது. அயோ + டுன் + டே: மகிழ்ச்சி மீண்டும் வந்தது. நான்காவதைப் பிரிக்க முயன்றிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள். ஓஜோ கொண்டுவந்த பெயர்; கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவன் என்று அங்கே பார்த்தோம்.